அத்தான் கேட்ட சீழ்க்கை

மங்குஸ்தான் பழத்தின் அடிப்புறத்தில் சிறு பூவைப் போல ஒரு வடு இருக்கும். அதன் இதழ்களை எண்ணினால், உள்ளே எத்தனை சுளைகள் என்று உடைக்காமலே சொல்லிவிடலாம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி உறவுக் குழந்தைகள் எல்லாம் தென்காசி வீட்டில் வந்து கூடியதும், அத்தான் பழக்கூடையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு இந்த எண்ணிக்கையில் இறங்குவார். ஒரு குழந்தைக்கு அதிகமும் மற்றொன்றுக்குக் குறைவுமாகப் போய்விடக் கூடாது. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு கூடையின் அடியில் நசுங்கிக் கிடப்பது அவருடைய மகளுக்கு. அவள் உதட்டைப் பிதுக்கினால், "நீ அப்பாவுக்கு வேண்டியவல்லா? வேண்டியவங்களுக்குக் கடைசிலதான்" என்பார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்கும். குரலில் இருக்காது.

அவர் என் அக்காவின் கணவர். பெயரை எழுதவில்லை. தன்னைப் பற்றிய எதிலும் தன் பெயர் முன்னால் வருவதை அவர் விரும்பியதில்லை.

இலஞ்சியில் இருந்த பூர்வீக வயல்களை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டபோதும் பங்கு போட்டவர் அவர்தான். படித்தவர், அரசாங்க அதிகாரி, ஒருவருக்கும் மனக்குறை வராது என்று மற்றவர்கள் அவரிடமே விட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் வரவில்லை. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் மேட்டு வயலைத் தன் பங்காக வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"எது நமக்கு?"

"மேட்டு வயலு."

"அதுல என்னத்த வெளைய வைக்க?"

"நாம பிரிச்சிட்டு நல்லத நாமளே எடுத்தா, நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நாலு பேரு நல்லாத்தான் சொல்லுவாங்க. சோறு வடிக்கிறது நானுல்லா" என்றாள் அக்கா. அன்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இப்படிச் சில ஆண்டுகள் சிரிக்க முடிந்தது.

அவருடைய உத்தியோகம் என்னவென்று ஊரில் பலருக்கும் விளங்கியதில்லை. கம்பியில்லாத் தொடர்புக்கு அலை ஒதுக்கித் தரும் அலுவலகம் அது. சென்னையில் இருந்தது. போலீஸ், துறைமுகம், மலைத்தோட்டங்கள், வானொலி நிலையங்கள் என்று எத்தனையோ பேர் அலை கேட்டு வரிசையில் நிற்பார்கள். யாருக்கு எது, யாரால் யாருக்கு இடைஞ்சல் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. தாயார் நோயாளி என்பதால் குடும்பம் தென்காசியில் இருந்தது. தெற்கே முகாம் போடும்போதெல்லாம் அவர் வந்து போவார்.

ரத வீதியில் ரேடியோக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அவரை விடமாட்டார்.

"அலைன்னா காத்துல போறதுதான? அதுல என்ன பஞ்சம்? வெளியில பாருங்க, ஆகாசம் பூரா சும்மாத்தான் கெடக்கு."

"அண்ணாச்சி, இந்த ரெண்டு ரேடியோவையும் ஒண்ணா முடுக்கி விடுங்க. இதுல திருச்சி, அதுல கொழும்பு. என்ன வெளங்குதுன்னு சொல்லுங்க."

"ஒரு மண்ணும் வெளங்காது."

"ஆகாசத்துலயும் அப்படித்தான். ஒரு எடத்துல ஒருத்தர்தான் உக்கார முடியும். அவரு கைய வீச ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடம் காலியாக் கெடக்கணும். இருக்கிறது பத்து எடம்னா, கேக்கிறவங்க நூறு பேரு."

அண்ணாச்சி சற்று யோசித்துவிட்டு, "அப்போ நீங்க மடை தெறக்கிற ஆளுன்னு சொல்லுங்க. சொந்த வயலுக்குக் கொஞ்சம் திருப்பி விட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"எனக்குத் தெரியும்லா" என்றார் அத்தான். அவர் சிரிக்கவில்லை.

யுத்த காலத்தில் அவர் கப்பலில் கம்பியில்லாக் கருவி இயக்கியவர். ஒருமுறை காதில் ஹெட்போனை மாட்டியிருந்தபோது இடி இறங்கியது போல ஓர் ஓசை வந்து, இடக்காது மந்தமாகிப் போயிற்று. வலக்காதை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார். ஆனால் அலை பார்க்கும் வேலைக்கு அது போதாது. ஒரே அலையில் தொலைவிலுள்ள வேறொரு நிலையமும் வந்து ஏறினால், இரண்டும் உராய்ந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று எழும். இரண்டு அலைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அந்தச் சீழ்க்கையின் சுருதி காட்டிக் கொடுத்துவிடும். கருவிகள் உண்டு. ஆனால் மழைக் காலத்தில் முள் ஓரிடத்தில் நில்லாமல் ஆடும். அப்போது மனிதக் காதுதான் கடைசித் துணை.

அந்தக் காது அக்காவுடையது. முறையாகப் பாட்டுக் கற்றவள். தென்காசிக்குப் பக்கத்து முகாம்களுக்கு அத்தான் அவளையும், துணைக்கு என்னையும் அழைத்துப் போவது வழக்கமாயிற்று. ஹெட்போன் சரியாகப் பொருந்தாது என்பதால், வலக்காதுத் தோட்டின் திருகாணியைக் கழற்றி, தோட்டை மேசைமேல் வைப்பாள். அது மேசையில் பட்டுச் சிறு ஒலி எழுந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். யாரும் பேச மாட்டோம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அஞ்சு கட்டைக்கு மேல ரிஷபம். கொஞ்சம் தள்ளாடுது" என்பாள். அத்தான் உடனே கணக்குப் போடத் தொடங்குவார். பிறகு வேறு ஊர்களில் கருவிகளை வைத்துச் சரிபார்த்தபோது அவள் சொன்னது பிசகியதில்லை. "உங்க அக்கா காதுக்குச் சர்க்கார் சம்பளம் குடுக்கணும்" என்று என்னிடம் அவர் சொன்னதுண்டு. அவரை நான் மிகவும் நேசித்த காலம் அது.

அக்கா திருச்சி வானொலி நிலையத்தில் குரல் சோதனையில் தேறியவள். சில தடவை பாடியும் இருந்தாள். ஆனால் தென்காசியிலிருந்து திருச்சிக்குப் போய்ப் பாடித் திரும்புவதென்றால் நோயாளி மாமியாரையும் குழந்தையையும் யாரிடமாவது விட்டுவிட்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேற வேண்டும். பிற்பாடு வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாக மறுக்க நேர்ந்தது. கடைசியாகப் போனபோது அங்கே இசைப் பகுதியைக் கவனித்தவர் அவளிடம் சொன்னார்: "தெற்கே ஒரு நிலையம் வரப்போகிறது அம்மா. அலை ஒன்று கிடைத்துவிட்டால் போதும். காலையில் வந்து பாடிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். முதலில் உங்களைத்தான் கூப்பிடுவோம்." ரயிலில் திரும்பும்போது அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அந்த அலைக்கான விசாரணை வந்தது. எங்கள் பகுதிக்கு ஏற்றதாக மீந்திருந்தது ஓர் அலைதான். கேட்டவர்கள் இருவர். ஒன்று, எங்கள் மாவட்டத்தில் தொடங்கவிருந்த சிறிய நிலையம். மற்றொன்று, மலைக்கு அப்பால் இருந்த பெரிய நிலையம். அது தன் இரண்டாவது ஒலிபரப்புக்கு அதே அலையைக் கேட்டது. சூரியன் இறங்கிய பிறகு வெகுதொலைவு நிலையங்கள் வந்து ஏறுகின்றனவா என்பதே கேள்வி. சீழ்க்கை இருந்தால், வலுக்குறைந்த எங்கள் நிலையத்தால் அதை மீறிப் பேச முடியாது. வலுவான நிலையத்தால் முடியும். ஆகவே சீழ்க்கை இருந்தால் அலை மலைக்கு அப்பால், இல்லையென்றால் எங்களுக்கு.

அத்தான் இந்த விசாரணையிலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்டார். தெற்குப் பகுதிக்கு வேறு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் இடையே, அருவியின் இரைச்சல் எட்டாத ஒரு பங்களாவில் முகாம். இரண்டு மரங்களுக்கு நடுவே அலை வாங்கும் கம்பி கட்டியிருந்தது. சாரல் விட்டுவிட்டு அடித்தது. கருவியின் முள் ஆடிக்கொண்டே இருந்தது; மழை ஓயும்வரை காத்திருக்கவோ வேறு ஊரில் கருவி வைத்துப் பார்க்கவோ மேலிடம் அவகாசம் தரவில்லை. பாளையங்கோட்டைக்கு வெளியே தற்காலிகமாக ஒரு சிறு ஒலிபரப்புக் கருவியை நிறுத்தி, அந்த அலையில் ஒரு பெண்ணை எதையோ வாசிக்கச் செய்திருந்தார்கள். எங்களோடு இருந்தவர் இளம் துணைப் பொறியாளர் ஒருவர். பொழுது சாயத் தொடங்கியதும் அக்கா தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

வெகுநேரம் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு. அந்தப் பொண்ணு வாசிக்கும்போது மூச்சு எடுக்குதது கூடக் கேக்கு."

அத்தான் எதுவும் எழுதவில்லை. ஹெட்போனை வாங்கித் தன் காதுகளில் மாட்டிக்கொண்டார். நெற்றி சுருங்கியது.

"விசில் இருக்கு" என்றார்.

"எங்க?"

"மேல. மெல்லிசா."

அக்கா வாங்கி மறுபடியும் கேட்டாள். "இல்ல" என்றாள். துணைப் பொறியாளரும் கேட்டுவிட்டுத் தயங்கி, "எனக்கும் கேக்கல சார்" என்றார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டை சார்."

"ம்" என்றார் அத்தான். தீர்ப்பு அந்த ஓர் ஒலியிலேயே முடிந்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அதன் பிறகும் சில மாலைகள் அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒவ்வொரு மாலையும் அக்காவுக்குக் கேட்கவில்லை; அத்தானுக்குக் கேட்டது. கடைசி மாலை அவள் ஹெட்போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"போலீசுக்குப் பாத்தீக, எஸ்டேட்டுக்குப் பாத்தீக, துறைமுகத்துக்குப் பாத்தீக. நான் சொன்னதத்தான் எழுதினீக. அன்னைக்கெல்லாம் இது நல்ல காது. இன்னைக்கு இதுக்கு என்ன வந்துச்சு?"

"அன்னைக்கு உனக்கு அதுல ஆக வேண்டியது ஒண்ணுமில்ல."

"ஆக வேண்டியது இருந்தா காது கெட்டுப் போவுமா?"

"காது கெடாது. ஆசை போய்க் காதுல உக்காந்துக்கிடும். எனக்கும் அந்த ஆசை உண்டு. நீ பாடணும்னு நெனைக்காதவனா நான்? அப்படி இருந்தும் எனக்கு விசில் கேக்குதுன்னா, அது நெசமாத்தான் இருக்கணும்."

அவருடைய வாதத்தை நான் பிற்காலத்தில் எத்தனையோ முறை மனத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தனக்கு ஆதாயமில்லாததைச் சொல்லும் சாட்சியே நம்பத் தகுந்தது. அக்காவின் சொல்லில் ஆதாயம் இருந்தது. பொறியாளர் இந்தப் பக்கத்துக்காரர். அத்தானின் காதோ அவருடைய விருப்பத்துக்கு எதிராகப் பேசியது. நீதிமன்றத்தில்கூட இதை எளிதில் மறுத்துவிட முடியாது. அந்த அறையில் இருந்த காதுகளிலேயே பழுதானது அதுதான் என்ற ஒன்று மட்டும் வாதத்துக்குள் வரவில்லை.

அக்கா தோட்டை எடுத்து அணிந்து, திருகாணியைக் கடைசிவரை இறுக்கினாள். பங்களாக் காவலாளி காப்பி கொண்டுவந்தார். எல்லோருக்கும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அலை மலைக்கு அப்பால் போயிற்று. மேலிடத்தில் அத்தானைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள்: தன் ஊருக்கே கிடைக்க வேண்டியதைத் தராத அதிகாரி. ஊரில் வேறு விதமாகப் பேசினார்கள். ரேடியோக் கடை அண்ணாச்சி அவர் முகத்துக்கு நேரே, "அடுத்தவன் வயலுக்கு மடையத் தெறந்துவிட்டு சொந்த வயலக் காயப் போட்ட மகராசன் நீங்கதான்" என்றார். அந்த ஏச்சையும் அத்தான் தனக்குச் சேர வேண்டிய பங்கைப் போலவே வாங்கிக்கொண்டார்.

அக்கா சண்டை போடவில்லை. சாயங்காலங்களில் சுருதிப் பெட்டியை எடுப்பது குறைந்தது, பிறகு நின்றது. காரணம் கேட்டால் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்பாள். அதுவும் உண்மைதான். முகாம்களுக்குப் போவதும் நின்றது. அந்தக் காது இல்லாமல் அத்தான் கருவிகளை மட்டும் நம்பி, தெளிவான வானிலைக்காகக் காத்திருந்து வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து வேறோர் அலையில் மாவட்டத்துக்கு நிலையம் வந்தது. அக்காவைத் தேடி ஆள் வந்தார்கள். "தொண்டை போயிட்டுங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். அன்று மாலை வீட்டு வானொலியில் அந்த நிலையத்தை வைத்தார்கள். ஓர் இளம்பெண் பாடினாள். அக்கா கதவருகே நின்றபடி கேட்டாள். "நல்லாப் பாடுதா" என்று மெச்சினாள். அத்தான் மிகுந்த தயக்கத்தோடு, பல நாள் மனத்தில் வைத்திருந்ததைப் போல, அவளைப் பார்த்துக் கேட்டார்:

"அலை சுத்தமா இருக்கா? கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

"நான் உங்களுக்கு வேண்டியவல்லா" என்றாள் அக்கா. "வேண்டியவ சொன்னா எடுபடுமா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அவர் சொன்ன விதி அது. அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது, போய்விட்டாள்.

அத்தானின் வலக்காதும் மங்கத் தொடங்கியபோது, பாளையங்கோட்டையில் ஒரு காது வைத்தியரிடம் அவரை அழைத்துப் போனோம். அக்காவும் வந்தாள். வைத்தியர் ஒலி புகாத சிற்றறையில் அவரை உட்கார வைத்துக் கேட்டார்:

"இப்போது ஏதாவது கேட்கிறதா?"

"விசில் கேக்குது. மேல. மெல்லிசா."

"நான் இன்னும் எதையும் முடுக்கவில்லையே" என்றார் வைத்தியர். பிறகு எங்களிடம் விளக்கினார். யுத்த காலத்தில் அடிபட்ட இடக்காதின் வேலை அது. அத்தகைய காது அமைதியான இடத்தில் தானே ஓசை எழுப்பும். அவருக்கு அது பல காலமாகவே இருந்திருக்க வேண்டும். வெளியே கேட்பது எது, உள்ளே கேட்பது எது என்று அவரால் பிரித்தறிய முடியாது.

அத்தான் எழுந்து நின்றார். பின் மீண்டும் உட்கார்ந்தார்.

தென்காசிக்குத் திரும்ப பஸ் ஏறினோம். பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டைகள் ஏறி முடியும்வரை பஸ் நின்றது. அக்கா சன்னல் வழியாகக் கத்தரிக்காய் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அது எந்தச் சுதின்னு டாக்டர்ட்ட கேட்டீகளா?"

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

மறுவாரம் சென்னைக்குப் போய்த் தன் பிழையை மேலிடத்தில் தானே சொன்னார். யாரும் கேட்காத ஒப்புதல் அது. கொடுத்த அலையைத் திரும்பப் பெறும் வழக்கமில்லை, இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். தண்டனை ஏதாவது கொடுத்திருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அக்காவின் நெஞ்சு பலவீனப்பட்டது. அத்தான் வேலையை விட்டுவிட்டு வந்து அவளோடேயே இருந்தார். தலை வாரிவிட்டார், கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். வைத்தியர் எப்போதாவது, "இன்று தேவலை" என்று சொல்லிவிட்டால் அவர் முகம் இறுகிவிடும். அந்தச் சொல்லை நம்ப அஞ்சினார். அது அவருக்கு வேண்டிய செய்தி அல்லவா.

சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் வைத்தியர் வந்து நாடி பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டு, முற்றத்துக்குப் போய் உறவினர்களிடம் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். அறையில் அத்தானும் நானும் இருந்தோம். அவர் கட்டிலின் அருகே மண்டியிட்டு, வலக்காதை அக்காவின் வாயருகே வைத்தபடி அசையாமல் இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"மூச்சு கேக்குத மாதிரி இருக்கு" என்றார். "ஆனா நான் கேட்டா சரியா இருக்காது. எனக்கு வேண்டியவ. நீ கேட்டுச் சொல்லு."

எனக்கும் அவள் வேண்டியவள்தான் என்று சொல்ல நினைத்தேன். குனிந்தேன். அவளுடைய தோடு என் கன்னத்தில் பட்டது, குளிர்ந்திருந்தது. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்டது. உள்ளறையில் அவர் மகள் விசும்புவது கேட்டது. அக்காவிடமிருந்து எதுவும் கேட்கவில்லை.

"இல்ல அத்தான்" என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். தன் விருப்பத்துக்கு எதிராகச் சொல்லும் சாட்சி நான். வாழ்நாள் முழுவதும் அவர் கைக்கொண்ட முறைப்படி என் சொல்லை ஏற்றிருக்க வேண்டும். அவர் ஏற்கவில்லை. அவள் வலக்காதின் திருகாணியைத் தளர்த்தி, தோட்டைக் கழற்றினார். பக்கத்து மேசைமேல் வைத்தார். மேசையில் பட்டுச் சிறு ஒலி எழுந்தது. முற்றத்திலிருந்து யாரோ உள்ளே வந்து, ஆக வேண்டியதைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். அத்தான் கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு மறுபடியும் குனிந்தார்.

"சத்தம் போடாதீங்க" என்றார். "எனக்குக் கேக்குது."